கதிர்வீச்சைவிட ஆவிக்கும் பிசுக்குக்கும் பயப்படுங்கள்

மைக்ரோவேவ் ஓடும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்று பிள்ளைகளை விரட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே சமையலறையில், அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியின் ஃபில்டரைத் தீபாவளிக்குக் கழுவியதோடு சரி. விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு பழுப்பு மணிகளாகத் திரண்டு நிற்கும். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இரண்டுமே நல்ல சாதனங்கள். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பல வீடுகளில் மாற்றிப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கதிர்வீச்சுப் பயம். ரேடார் கருவிகள் தயாரித்த ரேதியான் நிறுவனத்தின் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், 1945-ல் ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் குழாயின் அருகே நின்றபோது, சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். இரண்டே ஆண்டில் முதல் மைக்ரோவேவ் அவன் வந்துவிட்டது. ஆள் உயரம், ஏறக்குறைய 340 கிலோ எடை. இன்று சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் இருப்பதும் அதே மேக்னட்ரான்தான். அதிலிருந்து வரும் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்குகின்றன. எக்ஸ்ரேபோல உடலின் அணுக்களைச் சிதைக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. சாப்பாட்டிலும் எதுவும் தங்குவதில்லை.

கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் பொடிப்பொடியான துளைகளுடன் ஓர் உலோக வலை தெரியும். இந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஓரிரு மில்லிமீட்டர் துளை வழியாக அது வெளியே வர முடியாது. கதவைத் திறந்த நொடியே மேக்னட்ரான் நின்றுவிடும். அதனால் கவனிக்க வேண்டியது கதவைத்தான். கீல் வளைந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டாலோ, கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலோ பழுது பார்க்கும்வரை மைக்ரோவேவைத் தொடக் கூடாது. பின்பக்க மூடியைக் கழற்றி வீட்டிலேயே சரிசெய்யும் துணிச்சலும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

உண்மையான காயங்கள் வேறு வழியில் வருகின்றன. ஒரு வழவழப்பான பீங்கான் கோப்பையில் தண்ணீர் வைத்து மைக்ரோவேவில் அதிக நேரம் சூடாக்கினால், அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அசையாமல் நிற்கக்கூடும். குமிழி உருவாக அதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வெளியே எடுத்துக் காபித்தூளைப் போட்டதும், அல்லது கோப்பை லேசாக ஆடியதும், மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடச் சூடாக்க வேண்டாம். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைத்தால் குமிழிகள் முறையாக எழும். மைக்ரோவேவ் நின்ற பிறகு அரை நிமிடம் பொறுத்துக் கோப்பையை எடுப்பது நல்லது.

முட்டையும் அப்படித்தான். வேகவைத்து மைக்ரோவேவில் மீண்டும் சூடாக்கிய முட்டை வாயில் வெடித்ததாக ஒருவர் அமெரிக்க உணவகம் ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தார். அதற்காக ஒலியியல் வல்லுநர்கள் ஏறக்குறைய 100 முட்டைகளைத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கிப் பார்த்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியே எடுத்துக் குத்தியபோது மூன்றில் ஒரு பங்கு முட்டைகள் வெடித்தன. மஞ்சள் கரு, சுற்றியிருந்த நீரைவிட அதிகம் சூடாகியிருந்தது. ஓட்டை உரித்துவிட்டால் போதும் என்பது தப்புக்கணக்கு. வெட்டித் துண்டாக்கிய பிறகே முட்டையை உள்ளே வைக்க வேண்டும்.

ஓட்டலில் வாங்கிய சாம்பாரை முடிச்சவிழ்க்காமல் பிளாஸ்டிக் கவரோடு உள்ளே வைப்பவர்கள் உண்டு. எண்ணெய் மிதக்கும் குழம்பு கொதிநீரைவிட அதிகமாகச் சூடேறும். மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்காது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, மூடியை ஓர் ஓரம் திறந்து வைப்பதே சரி. வெளியே எடுத்ததும் மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்க வேண்டும். அந்த ஆவி பட்டால் தோல் வெந்துவிடும். எவர்சில்வர் டப்பா, அலுமினியத் தாள், பொன்விளிம்புத் தட்டு எதுவும் உள்ளே போகக் கூடாது, பொறி பறக்கும்.

சூடு ஒரே சீராகப் பரவாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அலைகள் சில சென்டிமீட்டர் ஆழம்தான் நேராகப் போகும். அதனால் குழந்தையின் புட்டிப்பாலை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓர் இடத்தில் நாக்கைச் சுட்டுவிடும். இரவு முழுக்க வெளியே கிடந்த சோற்றைக் காலையில் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு, சூட்டுக்கு அழியாது.

இனி சிம்னி. மிளகாய் தாளிக்கும் நெடிக்காகத்தான் பலர் அதை வாங்குகிறார்கள். அது செய்யும் வேலை அதைவிடப் பெரியது. கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகப் பெரிதும் கருதப்படும் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. கேஸ் அடுப்பின் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடும் வருகிறது. பலகாரம் சுடும் நாளில் மணிக்கணக்காக அடுப்படியில் நிற்கும் பெண்ணின் மூச்சுக்குள் போவது இவைதான்.

ஆகவே வடை போடும்போது மட்டும் அல்ல, அடுப்புப் பற்றவைக்கும்போதே சிம்னியையும் போட வேண்டும். சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓட விட வேண்டும். வழியிருந்தால் பொரியலையும் பொரிப்பையும் பின்பக்க பர்னருக்கு மாற்றலாம். புகை சிதறாமல் நேராகச் சிம்னிக்குள் போகும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே பொதுவாக 65 முதல் 75 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தூரத்து ஜன்னல் ஒன்றைச் சற்றே திறந்து வைத்தால் சிம்னி இழுக்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வரும். குழாய் இல்லாத கார்பன் ஃபில்டர் சிம்னி வாசனையைக் குறைக்கும். கார்பன் மோனாக்ஸைடை நீக்காது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் புகைக்குழாய்க்கு அப்போதே சுவரில் வழிவிட்டுவிடுவது நல்லது.

ஃபில்டரில் ஒட்டும் பிசுக்கு சாதாரண அழுக்கு இல்லை, அது எரிபொருள். வாணலியில் பற்றிய நெருப்பைச் சிம்னி மேலே இழுக்கும். பிசுக்கு படிந்த குழாய்க்குள் போய்விட்டால் அணைப்பது கடினம். தினமும் எண்ணெய் காயும் வீட்டில் மாதம் ஒருமுறையாவது ஃபில்டரைக் கழற்றி, வெந்நீரும் பாத்திர சோப்பும் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஆட்டோ கிளீன் என்று விற்பவை பிசுக்கை உருக்கிக் கீழே உள்ள கிண்ணத்தில் விடும், அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்தை நாம்தான் கொட்ட வேண்டும். வாணலியில் தீப்பிடித்தால் கேஸை அணைத்து, சிம்னியை நிறுத்தி, தட்டால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் அறையெங்கும் தெறிக்கும். மைக்ரோவேவுக்குள் ஏதாவது பற்றிக்கொண்டால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும். காற்று இல்லாமல் நெருப்பு தானே அடங்கும்.

இன்னொன்று மிக முக்கியம். கேஸ் கசிந்த வாடை வந்தால் பலரின் கை முதலில் போவது சிம்னி சுவிட்சுக்குத்தான். அதைச் செய்யவே கூடாது. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மேலே இருக்கும் சிம்னியால் அதை முழுமையாக வெளியேற்ற முடியாது. சுவிட்சில் எழும் ஒரு சிறு பொறி வெடிப்புக்குப் போதும். எந்த மின்சாதனத்தையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். அந்த நான்கு இலக்கங்களை வீட்டில் உள்ள சிறுவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்லப் பழக்கி வையுங்கள்.