மூன்று டீஸ்பூன் மூச்சு!

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? அங்குள்ள விசைப்படகுகளில் சின்னத் திரை ஒன்று இருக்கும். எக்கோ சவுண்டர் என்பார்கள். அது கடலுக்குள் ஒலியை அனுப்பும். தரையிலும் மீன் கூட்டத்திலும் பட்டு ஒலி திரும்பி வர, திரையில் எல்லாம் தெரியும். சிதம்பரத்தை அடுத்த கடற்கரைக் கிராமத்தில் நான் எதிரொலி பாடம் நடத்தினால், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எனக்கே பாடம் எடுப்பார்கள்!

இதே வித்தை ஆபரேஷன் தியேட்டரிலும் உதவுகிறது. பிறந்து சில நாளே ஆன பாப்பா. எடை 3 கிலோ. குடலில் அடைப்பு, குடித்த பால் இறங்கவில்லை. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுத்ததும் தசைகள் தளர்ந்துவிடும். அதனால் பாப்பாவுக்கு மூச்சு கொடுப்பது மிஷின்தான். ஒரு மூச்சுக்குச் சுமார் 15 மில்லி காற்று. மூன்று டீஸ்பூன், அவ்வளவே!

இங்கேதான் சிக்கல். நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகளில் சில, ஈரமான பாலிதீன் பை போல ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் முதுகுப் பக்கம். அங்கே காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். அழுத்தி ஊதினால் திறக்கும். ஆனால், அளவு மீறினால் பூப் போன்ற நுரையீரல் காயப்பட்டுவிடும். எங்கே நிறுத்துவது? வெளியிலிருந்து தெரியாதே!

மயக்க மருந்து டாக்டர், அல்ட்ராசவுண்ட் கருவியைப் பாப்பாவின் நெஞ்சில் வைக்கிறார். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இந்த ஒலியோ ஒரு கோடி ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். காற்றுள்ள நுரையீரல் ஒலியை உள்ளே விடாது; திரையில் படிக்கட்டு போலக் கோடுகள் தெரியும். ஒட்டிய இடமோ கல்லீரல் போலக் கெட்டியாகத் தெரியும். டாக்டர் திரையைப் பார்த்தபடியே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். கெட்டி மறைந்து கோடுகள் வந்தனவா? உடனே நிறுத்திவிடுவார். மறுபடி ஒட்டாமலிருக்க, காற்று வெளியேறும்போதும் மிஷின் சிறிது அழுத்தத்தை உள்ளே விட்டுவைக்கும். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சும் கிடையாது.

2014ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகர டாக்டர்கள், மயக்கத்திலிருந்த குழந்தைகளின் நுரையீரலை அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்தனர். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. (அதுவும் மீன்பிடித் துறைமுகம்தான், நம் கடலூர் போல!) 2017ல் தென்கொரியாவின் சியோலில் 40 கைக்குழந்தைகளிடம் சோதித்தனர். திரையைப் பார்த்து ஊதப்பட்ட குழந்தைகளுக்கு, ஒட்டிய இடங்கள் குறைவாக இருந்தன.

வீட்டில் அம்மாவிடம் உங்கள் ஸ்கேன் படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் பிறக்கும் முன்பே உங்களைப் பார்த்ததும் இதே ஒலிதான்!