கார் நிற்கும் தளத்தைக் கவனியுங்கள்

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. குஜராத்தில் புஜ் நகருக்குக் கிழக்கே நிலம் குலுங்கியது. மாநிலத்தில் 13,800 பேருக்கு மேல் இறந்ததாக அரசுக் கணக்கு. அவர்களில் 700 பேருக்கு மேல், அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்வாசிகள்.

அவ்வளவு தொலைவில் ஏன்? சபர்மதி ஆற்றின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது. மற்றொரு காரணம் கட்டடங்களிலேயே இருந்தது. விழுந்த அடுக்குமாடிகளில் பல, கீழ்த்தளத்தை வாகனங்களுக்காகத் திறந்து விட்டவை. மேலே அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் மாடிகள் பெட்டி போல விறைப்பாக நிற்கும். கீழே வெறும் பில்லர்கள். நிலம் பக்கவாட்டில் ஆடும்போது வளைவதெல்லாம் அவைதான். அவை முறிந்தால் மேல்மாடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும்.

பில்லருக்குள் நெடுங்கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள். ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடித்து விட்டால், வெளிக் கான்கிரீட் பெயர்ந்ததும் அது அவிழ்ந்துவிடும். 135 டிகிரி வளைத்து உள்ளே செருகினால் பிடி விடாது. கூடுதலாகத் தேவை சில விரற்கடைக் கம்பியும் இன்னொரு நெம்பும்தான். 1993-லேயே இந்தியத் தர விதியில் எழுதப்பட்ட விஷயம் இது. கான்கிரீட் கொட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. ஆகவே கொட்டுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

2002-ல் திருத்திய இந்திய நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. நம் குடியிருப்புகளும் பெரும்பாலும் பில்லர்கள் மேல்தான் நிற்கின்றன. பழைய கட்டடமானால் பயப்பட வேண்டாம்: பில்லர்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டித் தடிமனாக்கலாம், சிலவற்றுக்கு இடையே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். எங்கே, எத்தனை என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

குலுங்கும்போது மாடியிலிருந்து ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். பலமான குலுக்கல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் நாலு மாடி இறங்க முடியாது. படியில் உருண்டோ, வாசலில் கைப்பிடிச் சுவர் விழுந்தோ அடிபடுவீர்கள். உறுதியான மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றதும் சிலிண்டரை மூடிவிட்டுப் படியில் இறங்குங்கள், லிஃப்ட் கூடாது.

பீரோவை இன்றே சுவரோடு சேர்த்து ஆங்கிள் வைத்து முடுக்கிவிடலாம். குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலே பரணில் பித்தளை அண்டா இருந்தால், அதையும் கீழே இறக்கி வையுங்கள்.