வழுக்கையாறும் ஓரங்குலப் படமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நன்னீராறு எனத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே. வலிகாமத்து வெள்ளம் கந்தரோடையை அணைந்து சென்று அராலியிற் கடனீரேரியைச் சேர்கின்றது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தில் இப்பள்ளத்தாக்கைத் தேடுவோர் முதலில் ஏமாறுவர். நூறடிக்கொன்றாகச் சமவுயரக்கோடு வரையும் அப்படத்தில், நூறடியை எட்டாத இந்நிலத்துக்குக் கோடே இல்லை. எனினும், குளங்களையும் வயல்களையும் தொடர்ந்து நோக்கின் பள்ளத்தின் போக்குப் புலப்படும். தாழ்நிலம் வயலாயிற்று, செம்மண்மேடு கிணற்றிறைப்பால் தோட்டமாயிற்று. போல் ஈ. பீரிஸ் 1917 முதல் ஆராய்ந்ததும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1970இல் அகழ்ந்ததுமான கந்தரோடைத் தொல்குடியிருப்பு இவ்வாற்றோரம் அமைந்தமை தற்செயலன்று.

ஆயின், நீரைக் காட்டும் படம் நீருக்குரியவரைக் காட்டுவதில்லை. வயல் எவருடையது, உழைத்தோர் எவர், எக்கிணற்றில் எவர் அள்ளத் தடுக்கப்பட்டனர் என்பவற்றுக்கு அதிற் குறியீடு கிடையாது. ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளோ காணிப் பெயரையும் காணிக்காரரையும், சாதியையும் ஊழியக் கடமையையும் பதிந்தன. இறை தண்டுவதற்கென ஆக்கிய ஏடே, விந்தையாக, ஊழியஞ் செய்தோரின் சுவட்டைக் காத்துள்ளது. எனவே இரண்டையும் அருகருகே விரித்துப் படித்தல் வேண்டுமென்போம். காணிப் பெயர்கள் உறுதிகளில் இன்றும் எழுதப்படுவதால், ஒரு வயலைப் படத்திற் குறித்து அதன் உடைமை கைமாறிய வழியைப் பின்னோக்கித் தேடலாம்.