கொடிக்கால் காசு கையில் தங்க

ஏரல், ஆத்தூர், முக்காணி வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போருக்கு ஒரு வசதி உண்டு. நெல்லும் வாழையும் அறுப்பு வரை காக்க வைக்கும். வெற்றிலையோ பறிப்புக்கு வந்துவிட்டால் மாதம் ஒரு முறையாவது காசு தரும். ஆத்தூர் வெற்றிலை 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஏரலுக்குள் புகுந்தது. ஆற்றுப் பாலமும் சேதமுற்றது. வேரடியில் நீர் தேங்கினால் வெற்றிலைக்கொடி அழுகி வாடிவிடும். கைமுதல் முழுவதையும் கொடிக்காலில் போட்டவருக்கு மறு நடவுக்குக் கடன்தான் கதி.

ஆகவே கடன் வாங்கி நிலம் முழுவதும் கொடி வைப்பது உசிதமல்ல. அகத்தி விதைப்பு, கொடி நடவு, கொடி கட்டும் கூலி என்று முதல் பறிப்புக்கு முன்பே செலவு ஏறிவிடும். சில சென்ட் நிலத்தில் தொடங்கி, அதன் வரும்படியிலேயே அடுத்த பாத்தியைப் போடலாம்.

பறிப்புக் காசில் கூலி, உரச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கை அன்றே அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டிவிட வேண்டும். மறுநாள் என்றால் அது ஏரல் கடைத்தெருவோடு போய்விடும்! மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். தவணை 5 ஆண்டுகள்.

அகத்தித் தழை இருக்கும்போது இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள் வாங்குவது நல்ல முதலீடு. கொடிக்கு மருந்து தெளித்திருந்தால் மட்டும் அந்தத் தழையைப் போடக்கூடாது. நகை வாங்குவதைவிடக் குட்டி வாங்குவதே மேல், அது ஈனும்.

வடிகாலை ஐப்பசிக்கு முன்பே ஆழப்படுத்திவிடுவது நல்லது.