போதும் என்று சொல்லத் தெரியாதவன்

வீட்டில் குப்பை சேர்ந்தால் யாராவது கூட்டத்தானே வேண்டும்? நம் உடம்பிலும் அப்படி ஓர் ஏவலாள் உண்டு. பெயர் 'சி.டி.36'. உயிரணுக்களின் மேற்பரப்பில் நிற்கும் புரதம். இறந்த அணுக்களை வாரி அகற்றக் கை கொடுப்பான். இருதயத் தசைக்குக் கொழுப்பு அமிலம் ஊட்டுவான்.

ஒரே குறை, 'போதும்' என்று சொல்லத் தெரியாது! கெட்டுப்போன கொலஸ்ட்ரால் துகள்கள் மிகுந்தால், துப்புரவு அணுக்களுக்குள் அவற்றைத் திணித்துக்கொண்டே இருப்பான். அணுக்கள் நுரைபோல் உப்பி, இரத்தக் குழாயின் சுவரிலேயே தங்கிவிடும். மாரடைப்புக்கு வித்து அங்கேதான். மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்களும் சிறு குழாய்களில் இவனைப் பிடித்தே ஒட்டிக்கொள்கின்றன.

அவனை விரட்டிவிட்டால் நல்ல வேலைகளும் நின்றுபோகும். குப்பையைக் குறைப்பதே நம் கையில் இருக்கிறது. கணவரின் கொலஸ்ட்ராலைப் பரிசோதிக்கச் சொல்லும் சகோதரிகளே, உங்களுடையதை எப்போது பார்த்தீர்கள்?