அப்பா ஓட்டிய பிக்கப்... விற்கும் முன் ஆர்.சி புத்தகத்தைத் திறங்க!

மேட்டூர், மேச்சேரி, நங்கவள்ளி பக்கம் பழைய தோட்டங்களில் மாட்டுக்கொட்டாயை ஒட்டி ஒரு வண்டி நிற்பதைப் பார்க்கலாம். மேலே தார்ப்பாய், அதற்கு மேலே கோழி. தார்ப்பாயை விலக்கினால் மகேந்திரா ஜீப் பிக்கப், மெட்டடோர் அல்லது முதல் தலைமுறை டாடாமொபைல். ஒரு காலத்தில் கடலைக்காய் மூட்டையும், குச்சிக்கிழங்கும், சந்தைக்குப் போகும் ஆடுகளும் அதில்தான் போய் வந்தன. அப்பா காலத்தோடு வண்டியின் காலமும் முடிந்தது என்று ஓரங்கட்டி விட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் அதைத் திரும்ப எடுக்கிறார்கள். டிங்கரிங், வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடித்து, வண்டி புதுசு போல நிற்கும்போது விலை கேட்டு ஆள் வருகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வண்டி தயாராக இருக்கும். காகிதம் தயாராக இருக்காது.

எது பழைய வண்டி, எது மதிப்புள்ள வண்டி?

மகேந்திரா நிறுவனம் 1945-ல் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பானெட் உயரமாக நிற்கும் சி.ஜே.3பி ஜீப்புகள் அந்த வழியில் வந்தவை. உள்ளே இருந்த ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் உயரமானது. அதற்கு இடம் கொடுக்கத்தான் பானெட்டை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1968-லேயே நின்றுபோன இந்த மாடல், இங்கே அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. டாடாவின் 407 வந்தது 1986-ல். டாடாமொபைல் பிக்கப் 1988-ல் வந்தது. அதே அடித்தளத்தில்தான் 1991-ல் டாடா சியரா கார் வந்தது.

இவற்றில் எதற்கும் நிலையான சந்தை விலை கிடையாது. ஒரே வருடத்து இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் விலை பல மடங்கு வேறுபடலாம். வாங்குபவர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்: வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கிறதா, காகிதம் சுத்தமாக இருக்கிறதா, சாவியைத் திருப்பினால் ஓடுகிறதா. இதில் நடுவில் இருப்பதுதான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஆர்.சி யார் பெயரில்?

முதல் கேள்வி இதுதான். பல வீடுகளில் அப்பா இறந்து பத்து வருடம் ஆகியும் ஆர்.சி அவர் பெயரிலேயே இருக்கும். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை மகன் நேராக விற்க முடியாது. விதிப்படி, உரிமையாளர் இறந்த 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தந்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். காலம் கடந்திருந்தாலும், முதல் வேலை இதுதான்.

அதற்கு இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். 'வண்டியைச் சரிபண்ணியது நான்தானே' என்று மகன் நினைக்கலாம். ஆனால், சட்டத்தின் முன் அது அம்மாவுக்கும், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைக்கும் சேர்ந்த சொத்து. பட்டறைக்குச் செலவு செய்வதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. விலை பேசி முடித்த பிறகு கையெழுத்துக்குப் போய் நின்றால், வண்டியை விடப் பெரிய பிரச்னை வீட்டுக்குள் வரும்.

இன்ஜின் மாறியிருக்கிறதா?

பெட்ரோல் செலவு கட்டாமல் பழைய ஜீப்புகளில் டீசல் இன்ஜின் ஏற்றியது நாடு முழுக்க நடந்த கதை. அப்படி மாற்றியது ஆர்.சி-யில் ஏறியிருந்தால் சிக்கல் குறைவு. ஏறாமல் இருந்தால், பெயர் மாற்றத்துக்குப் போகும்போது எண் ஒத்துப்போகாமல் நின்றுவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அதனால் பெயின்ட் அடிப்பதற்கு முன் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துடைத்துப் பார்த்து ஆர்.சி-யோடு ஒத்துப் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் பட்டி பூசி மூடிவிடக் கூடாது. உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்கவும் கூடாது. எண் அழிந்த வண்டி, திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

பட்டறையில் கவனம்

நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரி பாடி கட்டுவதற்கும் ரிக் வண்டிக்கும் பெயர் போன ஊர்கள். இரும்பு வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால், லாரிக்குப் பாடி கட்டுவது வேறு. பழைய வண்டியை அதன் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது வேறு. பின்தொட்டியை நீளமாக்குவது, கேபினை மாற்றுவது எல்லாம் வேலைக்கு வசதி. விற்கும்போது விலையைக் குறைக்கும்.

துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல், மேலே பட்டி பூசி மறைத்தால் வாங்க வருபவர் ஒரு காந்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாது.

டயரிலும் ஒரு விஷயம். பழைய ஜீப்பின் 6.00-16 அளவுதான் பல டிராக்டர்களின் முன்சக்கரத்துக்கும். அதனால் டிராக்டர் டயரையே மாட்டி ஓட்டுவது உண்டு. அது சாலை வேகத்துக்குச் செய்த டயர் அல்ல. விற்பதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன்பும், துரு வெட்டியபோதும், முடிந்த பிறகும் படம் எடுத்து வையுங்கள். உதிரிபாக ரசீதுகளை ஒரு கவரில் போடுங்கள். செய்த வேலைக்கு உரிய விலையைக் கேட்க அதுதான் ஆதாரம்.

'வின்டேஜ்' பதிவு தேவையா?

2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய அளவில் மாற்றப்படாத வண்டிகளுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால், அந்தப் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். கடலைக்காய் மூட்டை ஏற்ற முடியாது. சேகரிப்பாளருக்கு விற்பதாக இருந்தால் யோசிக்கலாம்; இன்னொரு விவசாயி வாங்கி ஓட்டப்போகிறார் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி.

சொந்த உபயோகப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டியாகப் பதிவானதற்கு எஃப்.சி கட்டாயம். பழைய வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் அதிகம், பசுமை வரியும் உண்டு. இந்தத் தொகையை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு விலையைச் சொல்லுங்கள்.

சாவி கொடுத்தால் முடிந்ததா?

'பெயரை அப்புறம் மாத்திக்கிறேங்க' என்று வாங்குபவர் சொல்வார். தெரிந்தவர்தானே என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்கள் அதிகம். அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே சாட்சி. ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது அடுத்தடுத்துக் கைமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வண்டி விற்ற காசு சில லட்சம்தான் இருக்கும். இழப்பீடு அதைத் தாண்டினால் காட்டின் மேல் கைவைக்க வேண்டிவரும்.

விற்கும் நாளில் சரிபாருங்கள்

• படிவம் 29, 30 இரண்டையும் முழுமையாக நிரப்பிய பிறகே கையெழுத்து. விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

• வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று.

• பழைய கடன் ஆர்.சி-யில் பதிவாகி இருந்தால் படிவம் 35 மூலம் நீக்கம். கடன் கட்டி முடித்திருந்தாலும் இது தானாக நீங்காது.

• தேதி, நேரம், வாங்குபவரின் முகவரி, அடையாள எண், சாட்சிக் கையெழுத்துடன் டெலிவரி நோட். அதில் ஒரு பிரதி உங்களிடம்.

• இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா? வாங்கியவர் 14 நாள்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

• பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

• 'ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்காமலே வாங்கிக்கிறேன், க்யூ.ஆர் கோடு அனுப்புறேன்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை.

• ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் ஏறிக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றம் முடிந்ததும் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் விவரம் மாறிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். அது மாறிய அன்றுதான் வண்டி உண்மையாக விற்றது. அதுவரை அப்பாவின் பிக்கப் எந்த ஊர்ச் சாலையில் ஓடினாலும், ஓட்டுவது உங்கள் பெயரில்தான்.