பத்தாயிரம் மணி நேரக் கணக்கு

நொடிக்கு ஓர் இலக்கமாக எண்களை வாசிப்பார்கள். கேட்டு முடித்ததும் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஏழு இலக்கத்திலேயே தடுமாறிவிடுவார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனைக்கு வந்த மாணவரும் முதலில் அப்படித்தான் தடுமாறினார். ஒன்றரை ஆண்டுக்கு மேல், மொத்தம் 230 மணி நேரத்துக்கும் அதிகமாகப் பயிற்சி எடுத்த பிறகு, 79 இலக்கங்களைப் பிழையின்றி ஒப்பித்தார்.

மனப்பாடம் செய்து செய்து அவருடைய ஞாபகசக்தி பெருகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எண்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தபோது, ஆறேழுக்கு மேல் அவரால் போக முடியவில்லை! ஞாபகசக்தி அப்படியேதான் இருந்தது, வளர்ந்தது உத்தி. அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று காதில் விழுந்தால், 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் அன்றைய உலக சாதனைக்குப் பக்கத்தில் வரும் நேரம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஓரிடத்தில் தேங்கியபோதெல்லாம் புதிய உத்தியைத் தேடினார். 1980-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர், ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன்.

அதே எரிக்சன் 1993-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வுதான் உலகப் புகழ் பெற்றது. பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களில், மிகச் சிறந்த பத்துப் பேர் 20 வயதுக்குள் தனியாகச் சாதகம் செய்த நேரம் சராசரியாகப் பத்தாயிரம் மணியைத் தொட்டிருந்தது. 2008-ல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் தம் 'அவுட்லயர்ஸ்' நூலில் இதை ஒரு விதியாகவே பிரபலப்படுத்த, எந்தத் துறையிலும் பத்தாயிரம் மணி உழைத்தால் மேதை ஆகலாம் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது.

எரிக்சனுக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாயிரம் என்பது வெறும் சராசரி. அந்தச் சிறந்த பத்துப் பேரிலேயே பாதிப் பேர் அவ்வளவு நேரத்தை எட்டியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, எப்படிப்பட்ட பயிற்சி என்ற கேள்வியே அந்த விதியில் காணாமல் போயிருந்தது. வராத இடத்தைக் குறிவைத்து, பிழையை உடனுக்குடன் அறிந்து திருத்திக்கொள்ளும் பயிற்சியைத்தான் அவர் சொன்னார். இருபது ஆண்டு வண்டி ஓட்டியவர் எல்லாரும் கைதேர்ந்த ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை. கை பழகியதும் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது, தேர்ச்சி அங்கேயே நின்றுவிடுகிறது. மருத்துவர்களிடம்கூட, அனுபவ ஆண்டுகள் ஏறுவதால் மட்டும் சிகிச்சையின் தரம் உயர்வதில்லை என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

பயிற்சிக்கும் எல்லை உண்டு என்போரும் இருக்கிறார்கள். 2014-ல் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் திறமையில் காணும் வேறுபாட்டில் பயிற்சியின் பங்கு இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18, கல்வியில் வெறும் 4 என்று தெரிந்தது. எல்லாவிதப் பயிற்சியையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று எரிக்சன் மறுத்தார். அவர் 2020-ல் காலமானார். வழக்கு இன்னும் முடியவில்லை.

பிள்ளையைப் பாட்டு வகுப்பிலோ செஸ் வகுப்பிலோ சேர்க்கப் போகும் பெற்றோரே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன், பிள்ளை தவறு செய்யும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.